பேட்டரிதான் பிராண்டு: ஜொகூர் பயிலுநரின் கருவித் தேர்வு

வயரிங், குளிரூட்டி பொருத்துதல், தச்சு, அலுமினிய வேலை என எந்தக் கைத்தொழிலானாலும், பயிலுநர் வாங்கும் முதல் கம்பியில்லா டிரில் ஒற்றைக் கருவியாக நின்றுவிடுவதில்லை. அதன் அடியில் செருகும் பேட்டரி வேறு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. ஆகவே முதல் டிரில் வாங்கிய அன்றே, பின்னால் வரப்போகும் கிரைண்டர், ரம்பம், வேலையிடத்து விளக்கு வரை ஏறத்தாழ முடிவாகிவிடுகின்றன. ஜொகூரில் இந்த முடிவை எடுக்க எளிய வழக்கம் ஒன்று உண்டு: வேலை கற்றுக்கொடுக்கும் மூத்தவர் எந்த பிராண்டு வைத்திருக்கிறாரோ, அதையே வாங்குவது. இந்த வழக்கத்துக்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. அவை செல்லுபடியாகும் காலம்தான் குறைவு.

பேட்டரிக்கு இவ்வளவு அதிகாரம் தொடக்கத்தில் இருக்கவில்லை. பிளாக் அண்ட் டெக்கர் 1961-இல் கம்பியில்லா டிரில்லை அறிமுகப்படுத்தியது. மக்கிட்டா 1978-இல் 7.2 வோல்ட் டிரில்லைக் கொண்டுவந்தது. நிக்கல் காட்மியம் பேட்டரியில் ஓடிய அந்தக் கருவிகள் கம்பியுள்ள டிரில்லுக்குத் துணையாக இருந்தனவே தவிர, அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. 2005 வாக்கில் லித்தியம் அயன் பேட்டரிகள் கருவிகளுக்குள் வந்த பிறகு எடை குறைந்தது, வலு கூடியது. விலையின் கணக்கும் அப்போதே புரண்டது. பேட்டரி இல்லாத வெறும் கருவி கடையில் மலிவாகவே கிடைக்கும். 5 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டும் ஒரு சார்ஜரும் சேரும்போது, பல வேளைகளில் அவற்றின் விலை கருவியின் விலையைத் தாண்டிவிடும். நிறுவனங்கள் வாடிக்கையாளரைப் பிடித்துவைப்பது இங்கேதான். மற்ற எல்லாம் பொதுச்சொத்து. 6.35 மி.மீ. அறுகோணத் தண்டுள்ள முனை, திருகாணி முடுக்கும் எந்த இம்பெக்ட் டிரைவரிலும் நிற்கும். கான்கிரீட் குடையும் எஸ்.டி.எஸ். பிளஸ் துளைமுனை எந்த நிறுவனத்தின் எஸ்.டி.எஸ். பிளஸ் டிரில்லிலும் ஏறும். நூறு மி.மீ. வெட்டுவட்டுக்கும் பிராண்டு பேதம் கிடையாது.

மூத்தவரைப் பின்பற்றும் வழக்கத்தின் பலம், மலேசியாவில் தொழில் கற்கும் முறையோடு ஒட்டியது. பாசிர் கூடாங் தொழிற்பயிற்சிக் கழகம், பத்து பகாட்டில் உள்ள ஆட்டெக் பயிற்சி மையம் போன்ற இடங்களில் படிப்பவர்கள் பட்டறைக் கருவிகளில் கைபழகுகிறார்கள். 2005-இல் தொடங்கிய எஸ்.எல்.டி.என். என்னும் தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் சேர்பவர்களுக்கோ நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கிறது. அங்கே பயிலுநரிடம் இருப்பது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ பேட்டரிதான். மதியத்துக்குள் அவை தீர்ந்துபோனால், மூத்தவரின் வேனில் இருக்கும் சார்ஜரும் மாற்று பேட்டரியும் அன்றைய வேலையைக் காப்பாற்றும். தன் டிரில் பழுதானால் இன்னொருவருடையதை வாங்கி அதே பேட்டரியைச் செருகிக்கொள்ளலாம். எந்த ஊர்க் கடையில் உதிரிப்பாகம் கிடைக்கும், எந்தப் பழுது உத்தரவாதத்தில் வரும், எந்த மாடலின் சுவிட்ச் சீக்கிரம் போகும் என்பதெல்லாம் அந்தக் குழுவுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். விளம்பரத்தாள் எதுவும் இந்த அறிவைத் தராது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உள்ள நாட்டில், தரமான டிரில்லும் இம்பெக்ட் டிரைவரும் இரண்டு பேட்டரியோடு அடங்கிய ஒரு பெட்டி அந்தச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். இரவல் பேட்டரி கிடைக்கும் இடத்தில் நிற்பது புத்திசாலித்தனம்தான்.

மூத்தவரின் தேவையும் பயிலுநரின் தேவையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் வழக்கம் தடுமாறுகிறது. வயர்மேன் வேலையில் குழாய்களையும் கேசிங்கையும் செங்கல் சுவரிலும் கான்கிரீட்டிலும் பொருத்த வேண்டும். எரிசக்தி ஆணையத்தின் ஒருமுனை வயர்மேன் சான்றிதழை நோக்கிப் போகிறவருக்கு நல்ல எஸ்.டி.எஸ். டிரில் உள்ள வரிசை முக்கியம். குளிரூட்டி பொருத்துபவர் வெளிச்சுவரில் தாங்கிக்குத் துளையிட்டு, செம்புக்குழாய் போக அகலமான துளையும் குடைய வேண்டும். அவருக்குச் சுத்தியல் விசையோடு, ஏணியில் நின்று தூக்கக்கூடிய எடையும் கணக்கு. நாற்காலி, அலமாரி உற்பத்திக்குப் பேர்போன மூவாரில் மரச்சாமான் பட்டறைக்குப் போகும் இளைஞருக்குச் சுத்தியல் டிரில் வேண்டியதே இல்லை. நாள் முழுக்கத் திருகாணி முடுக்கினாலும் மணிக்கட்டு நோகாத 12 வோல்ட் கருவியே அவருக்கு ஏற்றது. பயிற்சியின் முதல் மாதங்களில் தன் வேலை இவற்றில் எதில் போய் நிற்கும் என்று பலருக்கும் தெரியாது. தெரியாத நேரத்தில் எடுத்த முடிவு பத்தாண்டுக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஒரே பிராண்டு என்றால் ஒரே பேட்டரி என்ற நம்பிக்கையும் சரியில்லை. மக்கிட்டாவின் 18 வோல்ட் பேட்டரி அதன் 40 வோல்ட் வரிசையில் ஏறாது. மில்வாக்கியின் எம் 12 வேறு, எம் 18 வேறு. போஷின் நீலநிறத் தொழில்முறைக் கருவிகளிலும் 12 வோல்ட்டும் 18 வோல்ட்டும் தனித்தனிக் குடும்பங்கள். எதிர்ப்பக்கம் ஹைகோகி இருக்கிறது. ஹிட்டாச்சி கோக்கி 2018-இல் இந்தப் பெயருக்கு மாறியபோது பெட்டியின் மேல் எழுத்து மாறியது, 18 வோல்ட் செருகுவாய் மாறவில்லை. அதன் மல்டி வோல்ட் பேட்டரி 36 வோல்ட் கருவியிலும் 18 வோல்ட் கருவியிலும் வேலை செய்யும். ஆகவே நிறத்தையும் பெயரையும் பார்ப்பதைவிடச் செருகுவாயைப் பார்ப்பதே சரியான சோதனை.

எண்களிலும் ஏமாற்று உண்டு. ஒரு லித்தியம் கலம் சராசரியாக 3.6 வோல்ட் தரும். ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழுக்கச் சார்ஜ் ஆன கணத்தில் ஒவ்வொன்றும் 4 வோல்ட்டுக்கு மேல் நிற்பதால், அதையே 20 என்று எழுதி விற்கிறார்கள். 20 வோல்ட் டிரில் 18-ஐவிட வலுவானது என்று கடையில் சொல்வது அறியாமை, இல்லாவிட்டால் வியாபாரம். ஒப்பிட வேண்டியது வாட் மணி: 18 வோல்ட்டில் 2 ஆம்பியர் மணி என்றால் 36, 5 ஆம்பியர் மணி என்றால் 90. பெரிய பேட்டரியில் கலங்கள் இரட்டை வரிசையாக இருப்பதால் கிரைண்டர் போன்ற பசிமிக்க கருவிக்கு மின்னோட்டமும் தாராளமாகக் கிடைக்கும். கூரைக்கடியில் கை உயர்த்தி வேலை செய்பவருக்கு அந்த எடையே தண்டனை. ஒன்று சிறியது, ஒன்று பெரியது என்று வைத்துக்கொள்வது இரண்டு பெரியதைவிட உபயோகமானது.

ஜொகூரின் இருப்பிடம் இந்தத் தேர்வில் தனிச்சிக்கல் ஒன்றைச் சேர்க்கிறது. இங்கே பயின்றவர்களில் பலர் பின்னர் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போகிறார்கள். இரு பக்கமும் 230 வோல்ட், அதே மூன்று சதுரமுனைச் செருகி. சார்ஜரை அப்படியே எடுத்துப்போகலாம். உத்தரவாத அட்டையை அப்படி எடுத்துப்போக முடியாது, பொதுவாக அது விற்ற நாட்டோடு கட்டுப்பட்டது. சிங்கப்பூரில் தள்ளுபடியில் வாங்கிய கருவியை ஜொகூர் பாருவில் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதுதான் இது உறைக்கும். போஷுக்குப் பினாங்கில் மின்கருவி ஆலையே இருக்கிறது என்பது பெருமைக்குரிய செய்திதான். ஜொகூரின் மாசாயில் வேலை செய்பவருக்கு, ஒரு மணி நேரத்தில் போய்வரக்கூடிய சேவை மையம் அதைவிடப் பெரிய செய்தி.

நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ இரண்டு பாகை வடக்கே இருக்கும் மாநிலத்தில் வெயிலுக்கு ஓய்வில்லை. முழுச் சார்ஜில் சூடாகக் கிடக்கும் லித்தியம் கலம் விரைவில் கிழடு தட்டும். மதியம் முழுக்க மூடிய வேனுக்குள் விட்ட பேட்டரியைச் சார்ஜர் உடனே ஏற்றுக்கொள்ளாமல் ஆறும்வரை காத்திருக்கும். அதைக் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப்போக வேண்டியதில்லை. கெட்டுப்போன பேட்டரிக்கு மாற்றாக இணையக் கடையில் பாதி விலைக்கு வரும் போலிகள்தான் உண்மையான ஆபத்து. புகழ்பெற்ற பிராண்டுகளின் பேட்டரிக்கே போலி அதிகம் என்பதால், மூத்தவர் வைத்திருக்கும் பெயரே பயிலுநரை இந்தப் பொறிக்குள் இழுக்கிறது. ஒரு பிராண்டு பேட்டரியை இன்னொன்றில் பொருத்தும் அடாப்டரும் இதே வகை. கலங்கள் அளவுமீறி வடிவதைத் தடுக்கும் காப்பு சிலவற்றில் கருவியிலும் சிலவற்றில் பேட்டரியிலும் இருக்கிறது. இடையில் அடாப்டர் நுழைந்தால் அந்தக் காப்பு அறுந்துபோகலாம். மெட்டாபோ 2018-இல் தொடங்கிய சி.ஏ.எஸ். போன்று பல நிறுவனங்கள் ஒரே பேட்டரியைப் பகிரும் கூட்டணிகள் நேர்மையான தீர்வு. ஆனால் உள்ளூர்க் கடையில் அந்தக் கருவிகள் அடுக்கில் இல்லாவிட்டால் பயிலுநருக்கு அதனால் பயனில்லை.

இங்கோ, டோட்டல், டோங்செங் போன்ற மலிவான சீன பிராண்டுகளை மூத்தவர்கள் எள்ளுவது பழக்கம். அந்த எள்ளலில் பாதிதான் நியாயம். தினமும் எட்டு மணி நேரம் கான்கிரீட் குடைபவருக்கு அவை தாங்காமல் போகலாம். வாரத்தில் சில துளைகளும் நூறு திருகாணிகளும் மட்டும் கையாளும் முதலாண்டுப் பயிலுநருக்கு அவை போதும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரில் தேய்ந்த பிரஷை மலிவாக மாற்றிவிடலாம். பிரஷ் இல்லாத மோட்டார் சிக்கனமாக ஓடும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதன் மின்னணுப் பலகை போனால் செலவு பெரிது. திருடு போகக்கூடிய வேலையிடத்தில் மலிவான கருவி தரும் நிம்மதியையும் கணக்கில் சேர்க்கலாம்.

ஆக, மூத்தவரின் பிராண்டையே வாங்குவது முதலாண்டுக்குச் சரி, முழுத்தொழிலுக்கும் சரியென்று சொல்ல முடியாது. பயிலுநர் முதலில் தன் பணத்தை இன்சுலேட்டட் திருப்புளி, குறடு, டெஸ்டர், அளவுநாடா போன்ற நல்ல கைக்கருவிகளில் போடட்டும். நிறுவனம் தரும் மின்கருவியில் வேலை கற்கட்டும். சொந்தமாக வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரு டிரில், ஒரு இம்பெக்ட் டிரைவர், இரண்டு பேட்டரி, அதுவும் உள்ளூர்க் கடையில் ரசீதோடு. மூன்றாவது கருவியை, எந்தத் தொழிலில் நிலைக்கப்போகிறோம் என்று தெரிந்த பிறகு வாங்கலாம். அப்போது வேறு பிராண்டு பொருத்தமாகத் தெரிந்தால், இரண்டே பேட்டரியோடு மாறுவதில் நட்டம் சிறிதுதான்.