'நாட்பட்ட' என்பதும் 'தீராத' என்பதும்

இந்திராநகரில் ஜெர்மன் வகுப்புக்குப் போகும் என் தங்கை மகள் ஒரு செவிலியர். "மாமா, ஒரு சொல்லுக்கு எத்தனை வால் பாருங்க!" என்று அலுத்துக்கொண்டு அவள் காட்டிய சொல் 'க்ரோனிஷ்'. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

ஆண்பாலான இருமலுக்கு முன்னே அது 'க்ரோனிஷர்'. பெண்பாலான பிராங்கைட்டிசுக்கு 'க்ரோனிஷெ'. அலிப்பாலான ஆஸ்துமாவுக்கு 'க்ரோனிஷெஸ்'. இருமலோடு என்றால் 'க்ரோனிஷெம்'. ஆனால் பயனிலையாக வந்தால் வாலே கிடையாது. தமிழ் இதற்கு நேர் எதிர். 'நாட்பட்ட' என்னும் பெயரெச்சம் இருமல், இருமலோடு, இருமல்கள் எதற்கும் அசையாது. பயனிலையாகும்போதுதான் 'நாட்பட்டது' என்று திணையும் பாலும் ஏற்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'க்ரோனிஷ் கிராங்க்கெ' என்று நோயாளிகளைச் சொல்லும்போது முதற்சொல்லுக்கு விகுதி இல்லை. அது ஆளைத் தழுவவில்லை, நோயுற்றிருத்தலைத் தழுவுகிறது. நாமோ 'நாட்பட்ட நோயாளி' என்று கூசாமல் எழுதுகிறோம். நாட்பட்டது நோயா, ஆளா? நாட்பட்ட மாவு மாதிரியல்லவா இருக்கிறது!

இதைவிட மோசமானது 'தீராத' என்னும் மொழிபெயர்ப்பு. நெடுநாள் நீடிப்பது வேறு, தீராதது வேறு. என் அம்மாவுக்கு ஆஸ்துமா. ஒரு மருத்துவமனையில் "இது தீராத வியாதிம்மா" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் இன்ஹேலரை அலமாரியில் போட்டுவிட்டார். "தீராதுன்னு ஆச்சு, அப்புறம் இது எதுக்குடா?" என்றார். அடுத்த மழைக்காலத்தில் நள்ளிரவில் ஆட்டோ தேடி ஓடினேன். அங்கே பணியில் இருந்த கன்னட மருத்துவர் "தீர்க்ககாலத காயிலெ" என்றார். நீண்டகால நோய், அவ்வளவுதான். அம்மாவுக்கு அது புரிந்தது.

'அக்யூட்' என்பதைக் 'கடுமையான' என்று பெயர்ப்பதும் இப்படித்தான். அது திடீரென்று தொடங்கிய நோய், இலேசாகவும் இருக்கலாம்.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் காலம் முதல் கலைச்சொல் ஆக்கி வருகிறோம். எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் தேடிய அளவுக்கு அடைமொழிகளைப் பற்றி நாம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 'நெடுநாள் நோய்' என்று நான் எழுதுகிறேன். ஆளைக் குறிக்க 'நெடுநாளாக நோயுற்றவர்'. கொஞ்சம் நீளம்தான். தங்கை மகளும் தன் குறிப்பேட்டில் 'நாட்பட்ட நோயாளி'யை அடித்துவிட்டு இதைத்தான் எழுதி வைத்திருக்கிறாள்.