அவையறிதலும் அவையாக்கலும்
இலண்டன் கோடை இசைவிழாவின் திட்டம் பற்றிய ஓர் ஆய்வு

திருக்குறளில் அவையறிதல் என்பது ஓர் அதிகாரம். சொல்லத் தொடங்குவோன் தன்முன் கூடியுள்ள அவையின் இயல்பை ஆராய்ந்தே சொல்லுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. பேச்சுக்கு மட்டுமன்றி இசைக்கும் இவ்விதி பொருந்தும். ஆயினும் ஒரு வினா எழுகின்றது. உயர்ந்த கலையைக் கேட்டுத் துய்க்கும் அவையே ஓர் ஊரில் இல்லையெனின் யாது செய்வது? அவைக்கு ஏற்பக் கலையைத் தாழ்த்துவதா? அவை தானே உருவாகும்வரை காத்திருப்பதா? அன்றி, அவையையே ஆக்கிக்கொள்வதா?

இம்மூன்றனுள் இறுதி வழியைத் துணிந்து மேற்கொண்டது இலண்டன் மாநகரின் கோடை இசைவிழா. 'புரோம்ஸ்' என்று உலகெங்கும் வழங்கும் அவ்விழா 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கியது. நூற்றாண்டைக் கடந்து இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. அதில் ஒலித்த இசையின் சிறப்பைப் பலரும் அறிவர். அவ்விசைக்கு அடிப்படையாக நின்ற திட்டமோ கற்பிக்கும் தொழிலை உடையோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கோடையில் ஏன்?

இலண்டனில் லாங்காம் பிளேஸ் என்னுமிடத்தில் 1893இல் குயின்ஸ் ஹால் என்ற இசைமண்டபம் திறக்கப்பெற்றது. அதன் மேலாளர் ராபர்ட் நியூமன். கோடை முதிர்ந்ததும் செல்வர்கள் நகரைவிட்டு நாட்டுப்புற மாளிகைகளுக்குச் சென்றுவிடுவர். இசையரங்குகள் வெறிச்சோடிக் கிடக்கும். பிறர் இழப்பெனக் கருதிய அக்காலத்தையே நியூமன் வாய்ப்பாகக் கொண்டார். செல்வர் போனால் என்ன? எழுத்தர்களும் கடைச் சிப்பந்திகளும் மாணவர்களும் நகரில்தானே இருக்கின்றனர்! அவர்கள் இசையரங்கின் வாயிலை மிதிக்காதது விருப்பமின்மையாலா, வசதியின்மையாலா என்பதே வினா. நியூமன் சோதிக்கத் துணிந்தார்.

இரவுதோறும் கச்சேரி நடத்துவது. தொடக்கத்தில் மக்கள் எளிதில் விரும்பும் உருப்படிகளை அளிப்பது. படிப்படியாகத் தரத்தை உயர்த்தி, முடிவில் பேரிசையையும் புத்திசையையும் கேட்கவல்ல ஒரு கூட்டத்தை உருவாக்குவது. இதுவே அவர் கொண்ட குறிக்கோள். இசைக்குழுவை நடத்தும் பொறுப்பை ஹென்றி உட் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தார். அப்போது உட்டின் வயது 26.

மூன்று கருவிகள்

நியூமன் கையாண்ட கருவிகள் மூன்று. முதலாவது, விலை. நின்றும் உலவியும் கேட்பதற்கு ஒரு ஷில்லிங். விழாக்காலம் முழுமைக்கும் ஒரு கினி. மண்டபத்தின் நடுத்தளத்தில் நாற்காலிகள் இல்லை. நிற்பவர்களே மேடைக்கு அருகில் நின்றனர். உண்ணவும் பருகவும் புகைக்கவும் தடையில்லை. வாய்ப்பாட்டின்போது தீக்குச்சி கிழிக்க வேண்டா என்ற வேண்டுகோள் மட்டும் இருந்தது. உடுப்பும் பழக்கமும் இல்லாதவன் கூச்சமின்றி உள்ளே வருவதற்கு இத்தனை தளர்வும் வேண்டியிருந்தது.

இரண்டாவது, வைப்புமுறை. முதல் நாள் நிகழ்ச்சி வாக்னர் இயற்றிய 'ரியென்சி' முன்னிசையுடன் தொடங்கிற்று. ஆனால் அன்று இசைத்தவை இருபதுக்கும் மேற்பட்ட சிற்றுருப்படிகள். நிகழ்ச்சி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீடித்தது. வாய்ப்பாட்டும் கார்னெட் என்னும் ஊதுகருவியின் தனியிசையும் இடையிடையே வந்தன. கனமானவற்றை முற்பகுதியிலும் மென்மையானவற்றைப் பிற்பகுதியிலும் வைப்பது வழக்கமாயிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்லிசை சுருங்கியது, பேரிசை விரிந்தது.

மூன்றாவது, மீட்டும் கேட்பித்தல். திங்கட்கிழமை வாக்னர், வெள்ளிக்கிழமை பீத்தோவன் என நாட்கள் வரையறுக்கப்பட்டன. பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளில் ஒன்றை இவ்வாண்டு கேட்டவன் அடுத்த ஆண்டும் அதனைக் கேட்க முடிந்தது. ஒருமுறை கேட்டுப் புரியாதது இருமுறை கேட்டுப் பழகும், பழகியது இனிக்கும். மாணவனுக்குச் செய்யுளைப் பலகால் ஓதுவிக்கும் ஆசிரியர் இந்த உண்மையை நன்கு அறிவர்.

இம்மூன்றாம் கருவியின் வலிமைக்கு ஒரு சான்று உண்டு. 1912 செப்டம்பரில் ஷோன்பர்க் இயற்றிய 'ஐந்து இசைக்குழுத் துண்டுகள்' இவ்விழாவில்தான் உலகில் முதன்முறையாக அரங்கேறின. அவையோர் சீறினர், சிரித்தனர். ஆயினும் அவ்விசையை ஒதுக்கிவிடவில்லை. 1914 சனவரியில் ஷோன்பர்க்கையே அழைத்து, அதே மண்டபத்தில், அதே குழுவைக்கொண்டு, அதே இசையை நடத்தச் செய்தனர். இம்முறை வரவேற்பு பெரிதும் மாறியிருந்தது. இடையில் கழிந்தது ஓராண்டும் சில திங்களுமே. இசை மாறவில்லை, கேட்ட செவிதான் மாறியது.

உழைப்பும் பொருளும்

நல்லெண்ணம் மட்டும் விழாவை நடத்திவிடாது. முதல் ஆண்டிற்குப் பொருள் தந்து உதவியவர் ஜார்ஜ் காத்கார்ட் என்னும் மருத்துவர். தொண்டை நோய்களில் வல்லவராகிய அவர் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, இசைக்குழுவின் சுருதியைத் தாழ்த்த வேண்டும் என்பது. இங்கிலாந்தில் அந்நாளில் வழங்கிய உயர்சுருதி பாடகரின் குரலைக் கெடுக்கும் என்று அவர் கருதினார். ஐரோப்பியப் பெருநிலத்தின் தாழ்சுருதி கைக்கொள்ளப்பட்டது. ஊதுகருவிகளை அதற்கேற்பப் புதிதாக வரவழைக்க வேண்டியதாயிற்று. மருத்துவரே அவற்றையும் தருவித்துத் தந்தார். சுருதி தொடங்கி ஊதுகுழல் வரை எண்ணிப் பார்ப்பதன் பெயரே திட்டமிடுதல்.

வாரத்திற்கு ஆறு கச்சேரி. அவற்றிற்கு மூன்று ஒத்திகையே என்ற நெருக்கடியில் உட் உழைத்தார். ஒவ்வொரு வாத்தியக்காரரின் ஏட்டிலும் வண்ணப் பென்சிலால் குறிப்புகளைத் தம் கைப்படத் தீட்டிவைத்தார். ஒத்திகையில் பேச்சைக் குறைத்து வாசிப்பைப் பெருக்கினார். வேறிடத்தில் மிகுந்த ஊதியம் கிடைத்தால் தமக்குப் பதிலாள் ஒருவரை அனுப்பிவிடும் வழக்கம் வாத்தியக்காரரிடையே இருந்தது. 1904இல் அது தடுக்கப்பட்டது. ஏறத்தாழ 40 பேர் வெளியேறி இலண்டன் சிம்பொனி இசைக்குழுவை நிறுவினர். ஒழுங்கிற்காகத் தேர்ந்த கலைஞர்களையே இழக்கத் துணிந்தது எளிய செயலன்று. 1913இல் பெண்களையும் இசைக்குழுவில் சேர்த்தார் உட்.

நியூமன் 1902இல் கடனாளியாகிப் பொருள்நிலை முறிந்தார். வங்கியாளர் எட்கர் ஸ்பேயர் பொறுப்பேற்று விழாவைக் காத்தார். மலிந்த விலையில் உயர்ந்த இசை வழங்கப்படுமாயின், இடைவெளியை யாரேனும் நிரப்பியே ஆகவேண்டும். அவையை ஆக்குதல் இலாபத் தொழிலன்று என்பதை நியூமனின் வாழ்வே காட்டுகின்றது.

போர்க்காலச் சோதனை

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. விழாவின் உயிர்நாடியோ ஜெர்மானிய இசை. பகைவர் இசையை நிறுத்துக என்ற குரல் எழுந்தது. தொடக்க நாட்களில் சில உருப்படிகள் மாற்றப்பட்டன. ஆனால் விரைவிலேயே, உயர்ந்த கலை உலகின் பொதுச்சொத்து என்றும், ஒரு காலத்துச் சினம் அதனைத் தீண்டலாகாது என்றும் நிலைநாட்டி, பீத்தோவனையும் வாக்னரையும் மீண்டும் அரங்கேற்றினர். ஆயினும் ஜெர்மானிய வழியினரான ஸ்பேயர் வெறுப்புக்கு ஆளாகி, 1915இல் நாட்டைவிட்டே அகன்றார். அவர் விட்ட பொறுப்பைச் சாப்பெல் என்ற இசைநூல் வணிகக் குழுவினர் ஏற்றனர். ஜெர்மானியரின் இசைக்கு அளித்த இடத்தை, அவ்விசையை மக்களுக்கு அளித்தவருக்கு அந்நகரம் அளிக்கவில்லை. விழாவின் வரலாற்றில் வருந்தத்தக்க முரண் இது.

நியூமன் 1926இல் காலமானார். சாப்பெல் குழுவினர் விலக, 1927இல் பிபிசி என்னும் ஒலிபரப்புக் கழகம் பொறுப்பேற்றது. மண்டபத்தில் ஆயிரவர் கேட்டதை வானொலியில் நாடே கேட்டது. 1941 மே திங்களில் வான்குண்டு விழுந்து குயின்ஸ் ஹால் எரிந்து அழிந்தது. அவ்வாண்டுக் கோடையிலேயே விழா ராயல் ஆல்பர்ட் ஹாலுக்குப் பெயர்ந்தது. மண்டபம் போயிற்று, அரை நூற்றாண்டில் ஆக்கப்பட்ட அவை போகவில்லை. உட் 1944 ஆகஸ்டில் மறைந்தார்.

கிளாக்கின் மாற்றுத் திட்டம்

பிபிசியின் இசைத்துறைத் தலைமையை 1959இல் ஏற்ற வில்லியம் கிளாக், நியூமனின் முறையைத் தலைகீழாக்கினார். ஒருவர்க்கு ஒரு நாள் என்ற வைப்புமுறையைத் தளர்த்தினார். பழையதும் புதியதும், தெரிந்ததும் தெரியாததும் ஒரே மாலையில் அருகருகே அமர்ந்தன. பாக்குக்கு முற்பட்ட பழம்பெரும் இசை வந்தது. 1961இல் கிளைண்டுபோர்ன் குழுவினரின் இசைநாடகம் வந்தது. 1966இல் மாஸ்கோ வானொலி இசைக்குழு வந்தது. 1971இல் இம்ரத் கான் வாயிலாக இந்துஸ்தானி இசையும் வந்தது. மக்கள் இன்று விரும்புவதைவிட நாளை விரும்பப்போவதை அளிப்பதே தம் கடமை என்பது அவர் கொள்கை.

இவ்விரு திட்டங்களுள் எது சிறந்தது? நியூமனின் திட்டம் ஏணி. ஏணியில் ஒரு குறை உண்டு. கீழ்ப்படியில் நிற்பவனை அது எப்போதும் கீழ்ப்படியிலேயே நிற்பவனாக எண்ணுகின்றது. இவனுக்கு இவ்வளவே போதும் என்று அளந்து தருவோர், நாளடைவில் அளவைக் கூட்ட மறந்துவிடுவதும் உண்டு. கிளாக்கின் திட்டம் கடல். இறங்கியவன் நீந்தக் கற்பான் என்பது அதன் நம்பிக்கை. கற்காதவன் கரையேறித் திரும்பாமலே போய்விடவும் கூடும்.

ஆயினும் காலத்தை மறந்து இரண்டையும் எடைபோடுதல் முறையன்று. 1895இல் கிளாக்கின் நிரலை வைத்திருந்தால் மண்டபம் காலியாகக் கிடந்திருக்கும். 1960களில் நியூமனின் நிரலையே வைத்திருந்தால் விழா பழம்பொருட் காட்சியாகச் சுருங்கியிருக்கும். கிளாக் துணிந்து கடலைக் காட்ட முடிந்ததற்குக் காரணம், நியூமனும் உட்டும் நீந்தவல்ல ஒரு தலைமுறையை முன்னரே பழக்கிவைத்ததே.

விழாவின் குறை

குறையைக் கூறாது விடுதல் திறனாய்வு ஆகாது. ஒத்திகைக் குறைவால் தொடக்க ஆண்டுகளில் பல நிகழ்ச்சிகள் செப்பமுறாது அமைந்திருக்க வேண்டும். மூன்று ஒத்திகையில் ஆறு இரவுகளின் இசையைச் செம்மைப்படுத்த எவராலும் இயலாது. அதனினும் பெரிய குறை இறுதி நாளைப் பற்றியது. டிரபால்கர் போர்வெற்றியின் நூற்றாண்டை ஒட்டி 1905இல் உட் தொகுத்த கடற்பாட்டுக் கோவையும், எல்கரின் அணிநடையிசையும் இறுதி நாளின் நிலையான உருப்படிகளாயின. தொலைக்காட்சி வந்தபின் அந்நாளின் கொடியசைப்பும் ஆரவாரமும் உலகெங்கும் பரவின. இதனால், பல இரவுகளில் அமைதியாகக் கேட்கும் அவை அறியப்படாமல், ஓர் இரவு ஆர்ப்பரிக்கும் அவையே விழாவின் முகமாகிவிட்டது. பழக்கம் சுவையை வளர்க்கும் என்ற அதே விதி, பழக்கம் சடங்காகவும் இறுகும் என்பதையும் இங்கே காட்டுகின்றது.

எனினும் முதற்கருவி இன்னும் கைவிடப்படவில்லை. ஆல்பர்ட் ஹாலின் நடுத்தளத்திலும் மேல்மாடத்திலும் குறைந்த கட்டணத்தில் நின்று கேட்கும் இடங்கள் இன்றும் உண்டு. நெடுநேரம் வரிசையில் காத்திருந்தவர், உயர்ந்த விலை கொடுத்தவரைவிட மேடைக்கு அருகில் நிற்கின்றார். நியூமன் வகுத்த திட்டத்தின் உயிர் அவ்விடத்தில்தான் இருக்கின்றது.

முடிபு

அவையறிதல் கற்றவன் கடமை. அவையாக்கலோ கற்பிப்பவன் கடமை. எளிய நூலையே என்றும் தந்து கொண்டிருக்கும் வகுப்பு மாணவனை அறிந்த வகுப்பாகலாம். அவனை வளர்த்த வகுப்பு ஆகாது. அரிய நூலை முதல் நாளே தலைமேல் சுமத்தும் வகுப்போ அவனை அறியவும் இல்லை. வாயிலை அகலத் திறத்தல், வைப்புமுறையை எண்ணி அமைத்தல், சலியாது மீட்டும் அளித்தல், உரிய காலத்தில் அளவைக் கூட்டத் துணிதல் ஆகிய நான்கும் கூடியவிடத்து அவை உருவாகும். ஒரு ஷில்லிங் கொடுத்து நின்ற எழுத்தனும் பீத்தோவனுக்கு உரியவனே என்று நம்பித் தொடங்கிய ஒரு விழா, நூறாண்டுக்கு மேலாக இதனை மெய்ப்பித்து வருகின்றது.