குவார் கெப்பா: கழிவு மேடா, ஈமமேடா?

பினாங்கைச் சேர்ந்த செபராங் பிறையில், கெப்பாலா பத்தாஸ் நகருக்கு அண்மையில் இருப்பது குவார் கெப்பா. 'கெப்பா' என்பது மலாய்மொழியில் ஒருவகைச் சிப்பி. 'குவார்' என்பது வடபகுதி மக்கள் வழக்கில் மேடு. 5,000 ஆண்டுகளுக்கு முன் கடற்சிப்பி தின்று வாழ்ந்தோர் எறிந்த ஓடுகள் அங்கு மேடாயின. அம்மேட்டிலேயே தம்முள் இறந்தோரையும் அவர்கள் அடக்கம் செய்தனர்.

1934இல் அங்கு அகழ்ந்த டச்சு அறிஞர் வான் ஸ்டெயின் கல்லன்பெல்ஸ், தம் அறிக்கையின் தலைப்பில் அவற்றை 'அடுக்களைக் கழிவு மேடுகள்' என்றே குறித்தார். ஆய்வுலகில் அது வழக்கமான குறியீடுதான். ஆயினும், மனித எலும்புகள் கிடைத்த இடத்துக்கு அப்பெயர் பொருந்துமா? கழிவு என்றால் எவரும் அள்ளுவர். கல்லறை என்றால் கை தயங்கும். 19ஆம் நூற்றாண்டில், ஏர்ல் என்பார் இம்மேடுகளைப் பற்றி எழுதிய காலத்திலேயே, ஓடுகளைச் சுண்ணாம்புக்காகத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தனர். மேடு சூளைக்குப் போயிற்று. எலும்புகளோ நெதர்லாந்து நாட்டு லைடன் நகருக்குப் போயின.

2017இல் அங்குக் காட்சியகம் கட்டும் பணி நடக்கையில், ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. 'பினாங்குப் பெண்' என்று பெயரிட்டனர். காப்பதற்கென்று கட்டடம் எழுப்பப் போய்த்தான் காக்க வேண்டியதே தென்பட்டது! ஆகவே, காட்சியகம் ஒன்றே காப்பாகிவிடாது. சுற்றியுள்ள நிலத்தில் மண்வெட்டி படுமுன் ஆராய்ச்சியாளர் கண் படவேண்டும். மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர்கள், அவ்விடத்தைக் 'குப்பைமேடு' என மொழிபெயர்க்காதிருக்க வேண்டுகிறோம்.