மணி ஐயரின் சாரீரம்

நொச்சிக்குப்பம் மணலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே ஒரு பையன் ‘இங்கிலீஷ் நோட்’டைச் சீட்டியடித்தான். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், பாண்டு வாத்தியச் சாயலில் அமைத்த மெட்டு அது. அதைக் கச்சேரி மேடையில் பாடிப் பரப்பியவர் மதுரை மணி ஐயர் (1912–1968). சாஸ்திரிய சங்கீதத்தில் இதென்ன வேடிக்கை என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அந்த ‘வேடிக்கைக்கார’ருக்குத்தான் 1959-ல் மியூசிக் அகாடமி ‘சங்கீத கலாநிதி’ப் பட்டம் அளித்தது.

கனத்த சாரீரம் அவருக்கு வாய்க்கவில்லை; கண் பார்வையும் மங்கல். சுருதியை மட்டும் ஒரு மயிரிழை பிசகவிடமாட்டார். ஒலிப்பதிவுகளில் அவருடைய கல்பனை ஸ்வரங்களைக் கேளுங்கள். கணக்குக் காட்டி நம்மை மிரட்டுவதே கிடையாது. ஸர்வலகுவில் ஸ்வரங்கள் தாமாகவே வந்து உட்காருகின்றன. விளம்ப காலத்தில் எனக்கு அவரிடம் அவ்வளவு ருசி இல்லை. மத்திம காலத்துக்கு வந்துவிட்டாரானால், எழுந்து போக மனம் வராது.