நெடுந்தொடர் நாடகத்தில் மாற்றமும் சுவைஞர் பற்றும்

கதை என்பது தொடக்கம், நடு, முடிவு என்னும் மூன்றும் உடையது என்பது அரிஸ்டாட்டில் காலந்தொட்டு வழங்கிவரும் கொள்கை. காப்பியமும் நாடகமும் நாவலும் பெரும்பாலும் இக்கொள்கைக்கு உட்பட்டே நடக்கின்றன. ஆயின், முடிவு என்பதே கருதப்படாமல், நாளுக்கு ஒரு பகுதியாக ஐம்பது அறுபது ஆண்டுகள் தொடர்ந்து நடைபெறும் கதை ஒன்று உண்டெனின், அதனை எவ்வளவைகொண்டு அளப்பது? அமெரிக்க நாட்டில் வானொலியில் தோன்றித் தொலைக்காட்சியில் வளர்ந்த நெடுந்தொடர் நாடகங்கள் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

இவற்றிற்குச் 'சோப்பு நாடகம்' என்று பெயர். பகற்பொழுதில் வீட்டிலிருக்கும் மகளிரைக் கருதிச் சோப்பு உற்பத்தியாளர் பொருள் கொடுத்து நடத்தியமையால் வந்த பெயர் அது. பெயரிலேயே இகழ்ச்சி கலந்திருத்தலின், திறனாய்வாளர் நெடுங்காலம் இவற்றைத் தம் ஆராய்ச்சிக்கு உரியனவாகக் கொள்ளவில்லை. சுவைஞரின் பற்றைப் பற்றியும் இருவகைக் கருத்துகளே நிலவின. பற்று என்பது வெறும் பழக்கமே என்பர் ஒரு சாரார். சுவைஞர் எம்மாற்றத்தையும் ஏலாத பிடிவாதக்காரர் என்பர் மற்றொரு சாரார். முன்னதன்படி சுவைஞர்க்கு எது கொடுப்பினும் ஒன்றே. பின்னதன்படி எது கொடுப்பினும் குறையே. இரண்டும் பொருந்தா என்பது நம் கருத்து. பற்றிற்கு நிலைக்களன் நினைவு. அது மாற்றத்தை வெறுப்பதன்று. கதை தன் பழமையைத் தானே மறுப்பதையே வெறுக்கிறது. இதனைச் சான்று காட்டி நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒரு தொடரின் வரலாறு

சான்றாக 'வழிகாட்டும் ஒளி' எனப் பொருள்படும் 'கைடிங் லைட்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இது 1937 சனவரி 25-ஆம் நாள் வானொலியில் தொடங்கியது. 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. 2009 செப்டம்பர் 18-ஆம் நாள் முடிவுற்றது. இடையிடையே சிறிது காலம் நின்றதுண்டு எனினும், 72 ஆண்டுகள் ஒரு கதை நடந்திருக்கிறது. பாட்டி கேட்கத் தொடங்கிய கதையின் முடிவைப் பேர்த்தி கண்டிருக்கலாம்.

இதனைப் படைத்தவர்களுள் தலையாயவர் இர்னா பிலிப்ஸ் என்னும் பெண் எழுத்தாளர். தொடக்கத்தில் இது சமயகுரு ஒருவரைச் சுற்றி அமைந்த கதை. துன்புற்றோர் தம்மை நாடி வருதற்கு அடையாளமாக அவர் தம் அறைச் சாளரத்தில் வைத்த விளக்கே தொடரின் பெயர்க்குக் காரணம். பின்னர் அக்குருவும் அவர் வாழ்ந்த ஊரும் கதையினின்று நீங்கினர். 1948-இல் செருமானியக் குடியேறிகளான பௌவர் குடும்பத்தார் புகுந்து கதையின் நடுவிடத்தைப் பெற்றனர். ஊர் இருமுறை மாறியது. பதினைந்து நிமிடமாக இருந்த நாட்பகுதி 1968-இல் முப்பது நிமிடமாகவும், 1977-இல் ஒரு மணியாகவும் விரிந்தது. 1952 முதல் 1956 வரை நடிகர்கள் ஒரே கதையை வானொலிக்கு ஒருமுறையும் தொலைக்காட்சிக்கு ஒருமுறையுமாக நாளும் இருமுறை நடித்தனர்.

தலைமை மாந்தர், ஊர், கால அளவு, ஊடகம் ஆகிய நான்கும் மாறிய பின்னும் சுவைஞர் அகலவில்லை. ஆகவே, சுவைஞர் மாற்றத்தை ஏலார் என்னும் கூற்று முதற்கண்ணேயே அடிபட்டுப் போகிறது. எனின், அவர்கள் பற்றி நின்றது எதனை? இதனை விளக்க மாற்றங்களை வகைப்படுத்திக் காண வேண்டும்.

2. மூவகை மாற்றம்

நெடுந்தொடரில் நிகழும் மாற்றங்களை வளர்ச்சி, பதிலீடு, மறுப்பு என மூன்றாகப் பகுக்கலாம்.

வளர்ச்சியாவது, சுவைஞரோடு உடன் மூப்பெய்தும் மாற்றம். பெர்ட் பௌவர் என்னும் குடும்பத்தலைவியாக 1950 முதல் 1984 வரை நடித்தவர் சாரிட்டா பௌவர். இளமனைவியாக அறிமுகமான பெர்ட், தாயாகிப் பாட்டியாகி முதுமையடைந்தார். 1962-இல் பெர்ட்டிற்குக் கருப்பையில் புற்றுநோய் தோன்றுவதாக எழுத்தாளர் ஆக்னஸ் நிக்சன் கதை அமைத்தார். நோயின் பெயரையே வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று நிகழ்ச்சியை நடத்தியோர் தடை விதித்தனர். பெயர் சொல்லப்படாமலே மருத்துவச் சோதனையின் இன்றியமையாமை மகளிர்க்கு உணர்த்தப்பட்டது. பிற்காலத்தில் நடிகையார் நோயினால் ஒரு காலை இழந்தபோது, கதையில் பெர்ட்டும் கால் இழந்து, அத்துன்பத்தை எதிர்கொண்டார். 1985-இல் நடிகையார் மறைந்தார். பின்னர்க் கதையிலும் பெர்ட் மறைந்தார். இவ்வாறே குடும்பத்தின் முதியவராக நடித்த தியோ கெட்ஸ் 1972 இறுதியில் மறைந்தபோது, அவ்விடத்திற்கு வேறு நடிகரைக் கொணரவில்லை. 1973-இல் முதியவர் இறந்ததாகவே காட்டி, குடும்பத்தார் அவரை நினைந்து வருந்தும் பகுதியை அமைத்தனர். நடித்தவர்க்கும் நடிக்கப்பட்டவர்க்கும் ஒருசேரச் சுவைஞர் இரங்கினர். பிற நாடக வகைகளில் காண்டற்கு அரிதான சுவை இது.

பதிலீடாவது, ஒரு மாந்தர்க்கு வேறொரு நடிகரை அமர்த்துதலும், குழந்தைகளின் அகவையைத் திடீரெனக் கூட்டுதலும் போல்வன. 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' என்னும் மற்றொரு தொடரில் 1961-இல் பிறந்த டாம் ஹியூஸ், 1970-க்குள் கல்லூரியில் பயிலும் இளைஞனாகிவிட்டான். கணக்குப் பார்ப்பின் இது நகைப்பிற்கு இடமானதே. ஆயினும் சுவைஞர் இதனைப் பொறுத்துக்கொண்டனர். ஏன்? அகவை மாறினும், அவன் யார் மகன், அவன் பெற்றோரிடையே நடந்தவை யாவை என்னும் உறவு மாறவில்லை. அரங்கில் பகலை இரவென்று காட்டினும் அவையோர் ஏற்பது போன்ற உடன்பாடு இது. உடல் மாறலாம், உறவு மாறலாகாது என்பதே அவ்வுடன்பாட்டின் வரம்பு.

மறுப்பாவது, நடந்ததை நடக்கவில்லை என்றோ, ஒரு மாந்தரின் இயல்பை முற்றிலும் பொய் என்றோ ஆக்கும் மாற்றம். இதற்குப் பெயர்பெற்ற சான்று, வாரந்தோறும் மாலையில் நடந்த 'டல்லஸ்' என்னும் தொடர். அதில் இறந்துபட்ட பாபி என்னும் மாந்தரை மீட்டுக் கொணர்தற்பொருட்டு, 1985-86 ஆண்டுக் கதை முழுவதும் அவன் மனைவி கண்ட கனவு என்று 1986-இல் அறிவித்தனர். நடிகர் மீண்டதில் மகிழ்ந்தோர் உளர். ஆயினும் ஓராண்டு முழுதும் தாம் கலங்கியதும் கண்ணீர் விட்டதும் வீண் என்று சுவைஞர்க்கு அறிவித்தல் எத்துணைக் கொடிது! 'கைடிங் லைட்' தொடரிலும் 1998-இல் ரீவா என்னும் தலைவிக்கு ஆய்வுக்கூடத்தில் ஒரு படியுரு ஆக்கப்படுவதாகக் கதை புனைந்தனர். நகலெடுக்கப்பட்ட டாலி என்னும் ஆட்டைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. புதுமையை நாடியதில் தவறில்லை. அடுப்பங்கரையிலும் மருத்துவமனையிலும் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவந்த கதைக்கும் அப்புதுமைக்கும் உறவு யாது என்பதே வினா. அவ்வினாவிற்கு விடையின்மையால் அக்கதை பின்னரும் நெடுங்காலம் எள்ளலுக்கு இலக்காயிற்று.

தொல்காப்பியர் வனப்பு எட்டனுள் தொன்மை, விருந்து என்னும் இரண்டையும் உடன்வைத்து எண்ணினார். அவர் கருதியது செய்யுள் வகையையே. எனினும் அச்சொற்களை விரித்துப் பொருள் கொள்வோமாயின், நெடுந்தொடரின் இலக்கணத்தை அவற்றால் சுருங்கச் சொல்லலாம். தொன்மையின்மேல் வந்து அமரும் விருந்தே விருந்து. தொன்மையை வீட்டைவிட்டு வெளியேற்றும் விருந்து விருந்தன்று.

3. அளவையில் அகப்படாத மாந்தர்

மறுப்பு எப்போதும் வெளிப்படையாக நிகழ்வதில்லை. 1993-இல் 'கைடிங் லைட்' தொடரில் மொரீன் பௌவர் என்னும் மாந்தர் ஊர்தி விபத்தில் இறந்ததாகக் காட்டினர். இவர் பெர்ட்டின் மகனான எட் என்பாரின் மனைவி. பெர்ட் மறைந்த பின் அக்குடும்பத்தின் நடுநாயகமாக விளங்கியவர். பார்வையாளர் சிலரைக் கூட்டிக் கருத்துக் கேட்டதில் மொரீனுக்குப் போதிய வரவேற்பு இல்லை என்று தெரிந்தமையே இம்முடிவிற்குக் காரணம் எனப் பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால் அவர் இறப்பு ஒளிபரப்பானபின் சுவைஞர் கொண்ட சினமும் துயரும் பெரிது. அவ்வேடத்தில் நடித்த எல்லன் பார்க்கர் அவ்வாண்டே பகல்நேர நிகழ்ச்சிகளுக்குரிய எம்மி விருதினைப் பெற்றார்.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. 'இத்தொடரில் உமக்கு மிகவும் பிடித்தவர் யார்?' என்று கேட்டால், சுவைஞர் பரபரப்பான காதலரையோ கொடியவரையோ பெயர் சொல்வர். காப்பி வடித்துக் கொடுத்து, பிறர் துன்பத்தைக் கேட்டிருக்கும் இல்லத்தரசியைப் பெயர் சொல்லார். வீட்டில் தூண் எங்குள்ளது என்று கேட்டால் பலர்க்கு உடனே சொல்லத் தெரியாது. தூண் வீழ்ந்தாலோ யாவர்க்கும் தெரியும். விருப்பத்தை எண்ணிக் காணலாம். பற்றை அவ்வாறு காணல் இயலாது. விருப்பம் இன்றைய பகுதியைப் பற்றியது. பற்று நேற்று வரை நடந்த யாவற்றையும் பற்றியது. மொரீன் இறந்தபோது சுவைஞர் ஒரு மாந்தரை மட்டும் இழக்கவில்லை. பெர்ட் முதலாக வந்த ஒரு மனையின் தொடர்ச்சியையே இழந்தனர்.

4. நினைவும் அறமும்

சுவைஞரின் நினைவு எப்போதும் நடுநிலை பிறழாதது என்று நாம் கூறவில்லை. 1963-இல் தொடங்கிய 'செனரல் ஆஸ்பிட்டல்' என்னும் தொடரில், 1979-இல் லூக் என்பான் லாரா என்னும் இளம்பெண்ணைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான். பின்னர் எழுத்தாளர் அச்செயலின் கொடுமையை மழுப்பி அவ்விருவரையும் காதலராக்கினர். 1981 நவம்பரில் நிகழ்ந்த அவர்கள் திருமணத்தை ஏறத்தாழ 3 கோடிப் பேர் கண்டனர். அந்நாட்டுப் பகல்நேர நாடக வரலாற்றில் அதற்கு இணையான கூட்டம் கூடியதில்லை. கதையும் மறந்தது, சுவைஞருள் பெரும்பாலோரும் மறக்க உடன்பட்டனர்.

ஆயின் 1998-இல் அத்தொடர் தன் பழைய செயலை மீண்டும் எடுத்துக்கொண்டது. லூக்கும் லாராவும் பெற்ற மகன் அவ்வுண்மையை அறிந்து தந்தையை எதிர்நின்று வினவுகிறான். காதலின் தொடக்கம் என்று மழுப்பப்பட்டது, அதற்குரிய கொடிய பெயரால் அழைக்கப்பட்டது. முடிந்துபோன நாவலில் இது நிகழ இயலுமா? ஆசிரியர் செய்த பிழை அந்நூலில் என்றும் பிழையாகவே நிற்கும். முடிவற்ற கதையோ தன் கடனைப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்தும் தீர்க்க இயலும். பழையதை நினைவில் வைத்திருப்போர் அவையில் இருந்தமையாலன்றோ அக்கடன் கடனாகவே நின்றது? 1986-இல் 'டல்லஸ்' செய்ததும் 1998-இல் 'செனரல் ஆஸ்பிட்டல்' செய்ததும் பழமையைத் திருத்தியனவே. முன்னது நடந்ததை இல்லையென்று திருத்தியது. பின்னது நடந்ததை ஆமென்று திருத்தியது. இவ்வேறுபாட்டிலேயே நெடுந்தொடரின் தரம் அடங்கியிருக்கிறது.

5. தடையும் விடையும்

'பற்று இத்துணை ஆழமானது எனின், அத்தொடர்கள் ஏன் அழிந்தன?' என்று ஒரு தடை எழலாம். தக்க வினாவே. மகளிர் மிகுதியும் பணிக்குச் சென்றனர், கம்பிவடத் தொலைக்காட்சியால் அலைவரிசைகள் பெருகின, 1995-இல் ஓ. சே. சிம்சன் வழக்கு விசாரணையின் நேர்முக ஒளிபரப்புப் பகல் நாடகங்களைப் பல நாள் இடம்பெயர்த்தது. செலவைக் குறைக்க 2008-இல் 'கைடிங் லைட்' கையடக்கப் படக்கருவிகளோடு நியூ செர்சி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றது. கதை பழையதே, ஆயின் சுவைஞர் பன்னாள் பழகிய அரங்க அறைகளின் தோற்றம் மாறிவிட்டது. அடுத்த ஆண்டே தொடர் முடிந்தது. 2012-இல் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்களில் எஞ்சிய பகல் தொடர்கள் நான்கே. ஆகவே பற்று ஒரு தொடரைக் காக்கும் ஆற்றல் உடையதன்று. பொருளியல் காரணங்கள் அதனினும் வலியவை. இதனை ஒப்புக்கொள்வதால் நம் கருத்திற்கு இழுக்கு இல்லை. பற்று காவலன் அன்று, சான்றாளன். சான்றாளனால் வழக்கின் முடிவை மாற்ற இயலாமற் போகலாம். அதனால் அவன் சொல் பொய்யாகிவிடாது.

'பிடிக்கவில்லை என்று குறை கூறிக்கொண்டே நாள்தோறும் காண்பது பழக்கமன்றி வேறென்ன?' என்பது இரண்டாம் தடை. நெறி தவறிய உறவினனைக் கடிந்துகொண்டே அவன் வீட்டிற்குச் சென்றுவருவோர் பலர். அதனைப் பழக்கம் என்று மட்டும் கூறுவது பொருந்துமா? அவன் பண்டு எவ்வாறு இருந்தான் என்பதை அறிந்திருத்தலாலேயே கடிகின்றனர். மீண்டும் அவ்வாறு ஆவான் என்னும் நம்பிக்கையாலேயே செல்கின்றனர். நெடுந்தொடர்ச் சுவைஞரின் குறைகூறலும் இத்தகையதே. அது திறனாய்வின் முதல் நிலை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நெடுந்தொடர் மாறாதிருத்தல் இயலாது என்பதும், சுவைஞர் மாற்றத்தை வெறுப்பவர் அல்லர் என்பதும், வளர்ச்சியை வரவேற்றுப் பதிலீட்டைப் பொறுத்து மறுப்பினை மட்டுமே அவர்கள் வெறுக்கின்றனர் என்பதும் பெறப்படும். முடிவுடைய கதையை முடிவுகொண்டு அளக்கிறோம். முடிவில்லாக் கதையை, அது தன் பழமையை எவ்வளவு உண்மையோடு சுமந்து செல்கிறது என்பதைக்கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வளவுகோல் எழுத்தாளர் கையில் எப்போதும் இருப்பதில்லை. எழுத்தாளர் வருவர், போவர். நாற்பது ஆண்டுகள் ஒரு கதையைக் கேட்ட மூதாட்டியிடம் அது இருக்கிறது. ஆகவே இவ்விலக்கிய வகையை ஆராயப் புகுவோர், எழுதப்பட்ட பகுதிகளை மட்டும் படித்தல் போதாது. கேட்டவர் நினைவையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். பேரளவினவாகிய இக்கதைகளுள் பழையன பலவற்றின் ஒலியும் ஒளியும் காக்கப்படாமல் அழிந்துபோயின. அவற்றிற்கு எஞ்சிய ஏடு அந்நினைவு ஒன்றே. அதனையும் இழக்குமுன் எழுதிவைத்தல் ஆராய்ச்சியாளர் கடன்.