எட்டு மைக்ரான் அழகு

லேத்தில் கடைந்து வந்த புதுத் திருகாணிக்கு ஆயுள் குறைவு. மறுநாளே, விரல் பட்ட இடத்தில் ரேகை துருவாக எழுந்துவிடும். நாகலாபுரம் போன்ற மலையடிவார ஊரில் அப்புறம் துரு கொஞ்சம் நிதானமாகப் பரவும். கிழக்கே 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பழவேற்காட்டின் உப்புக்காற்றில் அந்த நிதானமும் இல்லை. எந்தப் பூச்சு என்ற கேள்விக்கு முதல் பதிலைச் சொல்வது ஊர்தான். மண்டபம் கடலோரத்தில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் கிடத்தி அரிப்பை அளந்தவர்கள், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1948-ல் அடிக்கல் நாட்டிய நிலையம் அது.

துத்தநாகப் பூச்சைப் பாருங்கள். 8 மைக்ரான் போதும். தலைமுடித் தடிமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதன் அருமை கீறல் விழுந்த பிறகுதான் தெரியும். நிக்கல் பூசிய இரும்பில் கீறல் விழுந்தால் நிக்கல் தப்பித்துக்கொள்ளும், உள்ளிருக்கும் இரும்பு முன்னைவிட வேகமாக அரிபடும். துத்தநாகமோ தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். மேலே பூக்கும் வெள்ளைப் பொடியைக் கண்டு பலர் முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்கமாட்டேன்.

ஆனால் மரையில் அது ஒரு வேடிக்கை காட்டும். சரிந்த பக்கங்களில் படிவதால், 8 மைக்ரான் பூச்சு மரையின் விட்டத்தை 32 மைக்ரான் தடிக்க வைக்கும். நட்டு ஏறாமல் முரண்டு பிடித்தால் கடைசல்காரரைத் திட்டுவோம். பூச்சு உண்டென்று முன்பே சொல்லியிருந்தால் அவர் மரையை அந்த அளவுக்கு ஒடுக்கி வெட்டியிருப்பார். பூச்சை ஏற்றும் மின்சாரம் வேறு விளிம்புகளைத் தேடி ஓடும். அங்கே பூச்சு தடிக்கும், ஆழ்ந்த துளைக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. துளையும் முனையும் ஒரே சீராக வேண்டுமென்றால் மின்சாரமே இல்லாமல் கரைசலிலிருந்து படியும் நிக்கல் இருக்கிறது. விலைதான் கூடுதல்.

என் மனம் போவது நீலத்தின் பக்கம். கடிகாரத் திருகாணியை மெருகேற்றி மெல்லச் சூடாக்கினால் 220 டிகிரி சுமாருக்கு வைக்கோல் நிறம், 280-ல் ஊதா, 300-ஐ நெருங்கும்போது ஆழ்ந்த நீலம். சாயம் ஏதுமில்லை, மேலே எழும் மெல்லிய ஆக்சைடு ஏட்டில் ஒளி ஆடும் ஆட்டம். ஒரு கணம் தாமதித்தால் சாம்பல் நிறமாகிவிடும். காப்பு என்று பார்த்தால் சுமார்தான், எண்ணெய் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் பிளாக்கனிங் என்பது இதற்கு உறவு: காரக் கரைசலில் கொதித்து இரும்பின் மேல்தோலே கறுக்கும், அளவு மாறாது. அதற்கும் எண்ணெய் வேண்டும்.

நாகலாபுரத்து வீட்டுப் பூட்டின் உள்ளாணிக்குக் கறுப்பும் எண்ணெயும் போதும். கிணற்று மோட்டார் பக்கத்துத் திருகாணிக்குத் துத்தநாகம். பழவேற்காட்டுப் படகுக்கு என்றால் பூச்சை மறந்துவிட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே கடையச் சொல்லுங்கள்.