முதுகில் ஏறும் கெண்டை

ஜப்பானின் மரபுப் பச்சை குத்தும் கலையான இரெசுமியில் உருவங்கள் தனித்தனியாக நிற்பதில்லை. முதுகு முழுவதும் ஒரே ஓவியம். காற்றும் அலையும் அதன் பின்னணி. அருவியை எதிர்த்து ஏறும் கெண்டை மீன் விடாமுயற்சியின் அடையாளம். ஏறி முடித்தால் அது டிராகனாகும் என்கிறது சீனக் கதை. செர்ரிப் பூ நிலையாமையைச் சொல்லும். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துத் தீயணைப்பு வீரர்கள், நீரை ஆளும் டிராகனைக் காப்பாகக் குத்திக்கொண்டார்கள். 1827 வாக்கில் ஓவியர் குனியோஷி வரையத் தொடங்கிய, பச்சை குத்திய ‘சுய்கோடென்’ கதை வீரர்களின் அச்சுப் படங்கள் பச்சை மோகத்தை வளர்த்தன. கோலின் நுனியில் ஊசிக்கற்றை கட்டிக் கையாலேயே குத்தும் தெபோரி முறையில், கருமை படிப்படியாக வெளிறும் அழகே தனி. பச்சை குத்துவதற்கு மெய்ஜி அரசு 1872இல் விதித்த தடை 1948இல்தான் நீங்கியது. இன்றும் பல வெந்நீர்க் குளியலகங்கள் பச்சை குத்தியவர்களை உள்ளே விடுவதில்லை. ஊர் ஒதுக்கினாலும் ஓவியத்தின் தரம் குறையவில்லை.